எனக்கு என்ன கடிதம்?

(ஓசூரை அடுத்த பாகலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பணியிடத்தில் பாகுபாட்டால் மனம் நொந்துபோனவருக்கு இழப்பீடு உண்டா, உண்டென்றால் அதை யார் தர வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. இதை நான் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒருவருக்கு நான் பதில் சொல்லாமல் வைத்திருக்கும் கடன் அது.

சில ஆண்டுகளுக்கு முன், இந்த வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தேன். அசெம்பிளி லைனில் வேலை பார்த்த ஒரு பெண் புகார் கொடுத்திருந்தார். கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. லைன் சூப்பர்வைசர் நான்கு மாதமாகப் பேசிய பேச்சுகளை அவர் தேதிவாரியாக ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். தலையில் பூ வைத்து வந்தால் ஒரு பேச்சு. வைக்காமல் வந்தால் இன்னொரு பேச்சு. பாகலூரைச் சுற்றி ரோஜாத் தோட்டமும் பசுமைக்குடிலுமாக இருக்கிற ஊரில், ஒரு முழம் பூவை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று அஞ்ச வேண்டியிருந்தது அவருக்கு. கம்பெனி வேனில் ஏறுவதை நிறுத்தி டவுன் பஸ்ஸில் வந்தார். கேன்டீனுக்குப் போவதை விட்டார். பதினேழு நாள் வேலைக்கே வரவில்லை.

விசாரித்தோம். புகார் உண்மை என்று தெரிந்தது. சூப்பர்வைசருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை, வேறு ஷிஃப்டுக்கு மாற்றம் என்று பரிந்துரை எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். மாலையில் கேட்டைத் தாண்டும்போது அந்தப் பெண் காத்திருந்தார். நன்றி சொல்லத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டார்: “மேடம், அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துட்டீங்க. எனக்கு என்ன கடிதம்?”

என்னிடம் பதில் இல்லை. சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. பணத்தைப் பற்றிப் பேசினால், காசுக்காகத்தான் புகார் கொடுத்தாள் என்று லைன் முழுக்கப் பேசுவார்களே என்று அஞ்சி, அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. அவரைக் கேட்காமலே அவருக்காக நான் அஞ்சினேன். அது தவறு. அந்தத் தவறிலிருந்து நான் கற்றதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

விரலுக்கு உண்டு கணக்கு

ஓசூரில் பிரஸ் ஷாப் நடத்துகிறவர்களுக்கும் அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு தெரியும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலிருந்து வந்த கணக்கு அது. ஒரு கையின் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. சுட்டுவிரல் முழுதாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிரவிரலோ சுண்டுவிரலோ போனால் 7. மற்றக் கண் நன்றாக இருக்க, ஒரு கண் மட்டும் போனால் 40. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவருக்கு நிலையான ஊனம் ஏற்பட்டால் இதே போன்ற விழுக்காட்டின்படி வாழ்நாள் முழுதும் மாதாமாதம் பணம் வரும்.

இந்த அட்டவணையைப் பார்த்து, விரலுக்கு விலை வைத்துவிட்டார்களே என்று யாரும் கோபப்படுவதில்லை. அது விலையில்லை என்று எல்லாருக்கும் தெரியும். போனது திரும்பி வராது. ஆனால் போனது என்பதை ஏட்டில் எழுதி, அதற்குப் பொறுப்பேற்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பொறுப்பேற்பு வந்த பிறகுதான் பல ஆலைகளில் பிரஸ்ஸுக்குப் பாதுகாப்புத் தடுப்பும் சென்சாரும் வந்தன. காயத்துக்குக் கணக்கு எழுத வேண்டி வரும்போதுதான் காயம் வராமல் பார்த்துக்கொள்ளும் புத்தியும் வருகிறது.

இனி இன்னொரு கணக்கு. நீங்கள் ஒரு செல்போன் வாங்குகிறீர்கள். பத்தே நாளில் பழுதாகிறது. கடைக்காரர் அலைக்கழிக்கிறார். கிருஷ்ணகிரியில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறீர்கள். போனுக்கான பணத்தோடு ‘மன உளைச்சலுக்கு’ என்று தனியே ஒரு தொகை கேட்கலாம். ஆணையம் தரவும் செய்யும். லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993 நவம்பரிலேயே, அலைக்கழிப்பும் மனவேதனையும் இழப்பீட்டுக்கு உரியவை என்று தெளிவாக்கிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘தீங்கு’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது உடல், மனம், உடைமை மூன்றையும் சேர்த்தே சொல்கிறது.

ஆக, போனை வாங்கியவரின் மனத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தப் போனின் பாகத்தைப் பூட்டிய பெண்ணின் விரலுக்கும் இடம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் மனத்துக்கு எங்கே இடம்? நம் வட்டாரத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் நடுவில் நின்று கேட்கும்போது இந்தக் கேள்வி கனக்கிறது.

யார் தருகிறார், யார் பெறுகிறார்

இடம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று சட்டங்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும், பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். சட்டத்தின் மனம் அதில்தான் தெரியும்.

முதலாவது, 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். ராஜஸ்தானில் 1992இல் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளருக்கு நேர்ந்த பாலியல் கொடுமையிலிருந்து தொடங்கி, 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பு வழியாகப் பிறந்த சட்டம் இது. இதன் 15ஆம் பிரிவு இழப்பீட்டை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று ஐந்து அளவுகள் தருகிறது. முதல் அளவே மன அதிர்ச்சி, வலி, துன்பம், வேதனை. அடுத்து, அந்த நிகழ்வால் இழந்த பணி வாய்ப்பு. மூன்றாவது, உடலுக்கோ மனத்துக்கோ செய்த மருத்துவச் செலவு. நான்காவது, எதிர்த்தரப்பினரின் வருமானமும் பொருள்நிலையும். ஐந்தாவது, தொகையை ஒரே தடவையிலா தவணையிலா, எப்படிச் செலுத்த முடியும் என்பது. தவறு செய்தவரின் சம்பளத்தில் பிடித்து, பாதிக்கப்பட்ட பெண்ணிடம் தர வேண்டும். அவர் வேலையை விட்டுப் போய் பணமும் கட்டாவிட்டால், நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க மாவட்ட அதிகாரிக்கு எழுதலாம்.

நல்ல பிரிவு. ஆனால் நான்காவது அளவில் ஒரு முள் இருக்கிறது. துன்புறுத்தியவர் சிறு சம்பளக்காரர் என்றால் அந்தப் பெண்ணின் வேதனையும் சிறுத்துப் போகிறது. கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தும் பாராமல் இருந்த நிர்வாகத்தின் பையிலிருந்து இந்தப் பிரிவின்படி ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. இந்தச் சட்டம் சொல்லும் புகார் குழுவையே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்த அபராதமும் அரசுக்குத்தான் போகும், அந்தப் பெண்ணுக்குப் போகாது.

இரண்டாவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 1995ஆம் ஆண்டு விதிகளும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், 2016 திருத்தத்தின்படி 1 லட்சம் ரூபாய் நிவாரணம். முதல் தகவல் அறிக்கை பதிவானதும் 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை கிடைத்ததும் மீதி 25. சொல்லால் பட்ட அவமானத்துக்கு ஒரு தொகையை அச்சிட்டு வைத்த இந்தியச் சட்டம் என்ற வகையில் இது பெரிய விஷயம். ஆனால் பணம் தருவது அரசு. இழிவுபடுத்தியவர் தருவதில்லை.

அதிலும் ‘பொதுமக்கள் பார்வையில்’ என்ற சொற்கள் இருக்கின்றன. திருச்சி மாவட்டத்தில் ஒரு வருவாய்த் துறை ஊழியரை அவரது அலுவலகத்திலேயே சாதியைச் சொல்லித் திட்டியதாக ஒரு வழக்கு. சக ஊழியர்கள் பிறகுதான் உள்ளே வந்தார்கள் என்று புகாரிலேயே இருந்தது. பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நடக்கவில்லை என்று சொல்லி, 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. குற்றவியல் சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் படித்தால் அந்த முடிவுக்கு வர இடம் இருக்கலாம். ஆனால் வேலை செய்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே மனத்தை நோகடிக்கும் பேச்சில் பெரும்பகுதி சாத்திய கதவுக்குப் பின்னால்தான் நடக்கிறது. எச்.ஆர். அறையில், ஸ்டோர் ரூமில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆளில்லாத லைனில். சிறைத் தண்டனைக்குக் கறாரான சான்று வேண்டும் என்பது சரி. சிறையோடு தொடர்பில்லாத, இழப்பீடு மட்டுமே தரும் ஒரு வழியும் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் கறார் நியாயமாகும். அந்த வழி இங்கே இல்லை.

மூன்றாவது, ஊதியம். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் இடத்தில் இப்போது, 2025 நவம்பர் 21 முதல், ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பாலின அடிப்படையில் கூலியில் வேறுபாடு கூடாது. குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். குறைந்த கூலியைக் கேட்டு வாங்கலாம். ஒரே வேலை செய்தும் நீ அரை ஆள் என்று ஆண்டுக்கணக்கில் உணரவைத்ததற்கு? அதைக் கேட்க ஒரு பத்திகூட இல்லை.

சாதி, மதம், மொழி, பாலினம், ஊனம் எதுவாக இருந்தாலும், தனியார் பணியிடத்தில் பாகுபாடு காட்டினால் மனவேதனைக்கு இழப்பீடு என்று சொல்லும் பொதுச்சட்டம் இந்தியாவில் இல்லை. பாகுபாட்டுக்கு எதிராக 2017இல் மக்களவையில் வந்த ஒரு தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. 2025 அக்டோபர் 17 அன்று, இரண்டு தனியார் பள்ளிகளில் வேலையை இழந்த ஒரு திருநங்கை ஆசிரியைக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தாத ஒன்றிய அரசையும் இரு மாநில அரசுகளையும்கூடப் பணம் தரச் சொன்னது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தொழிலாளியும் டெல்லி வரை போய்க் கதவைத் தட்ட முடியுமா?

நம் ஊர்ப் பஞ்சாயத்துகளை நினைத்துப் பார்க்கிறேன். ஒருவரை மானபங்கமாகப் பேசியவருக்குத் தெண்டம் போடுவார்கள். அந்தத் தெண்டம் கோயில் காரியத்துக்குப் போகும். நொந்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். இன்றைய அபராதங்களும் அதே பாதையில்தான் போகின்றன. கோயிலுக்குப் பதில் கஜானா.

அளக்க முடியுமா?

மனவேதனையை எப்படி அளப்பது என்று கேட்பார்கள். அளந்து காட்டிய நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் ‘உணர்வுக்கு நேர்ந்த காயம்’ என்பது பாகுபாட்டு வழக்குகளில் தனி இழப்பீட்டுத் தலைப்பு. அங்கே மேற்கு யார்க்‌ஷயர் காவல் துறையில் பணியாற்றிய வென்டோ என்ற பெண் காவலரின் வழக்கில் 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு அளவுகோல் வகுத்தது. மண வாழ்க்கை முறிந்த பிறகு மேலதிகாரிகள் அவரை நடத்திய விதமும், கடைசியில் வேலையை விட்டு நீக்கியதும் வழக்கின் பொருள். நொந்த மனத்தைப் பணமாக மாற்றுவது செயற்கையான வேலைதான் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, அதைச் செய்தார்கள். மூன்று படிகள் வைத்தார்கள். ஒரு தடவை நடந்த சிறு நிகழ்வுக்குக் கீழ்ப்படி, 500 முதல் 5,000 பவுண்டு. அதைவிடக் கடுமையானதற்கு நடுப்படி, 15,000 வரை. நீண்ட நாள் திட்டமிட்டுத் துன்புறுத்தியதற்கு மேல்படி, 25,000 வரை. அந்தக் காவலருக்கு உணர்வுக் காயத்துக்கு 18,000, அதை மோசமாக்கிய நடத்தைக்கு 5,000, மனநலப் பாதிப்புக்கு 9,000 பவுண்டு.

விலைவாசிக்கு ஏற்ப அந்தப் படிகளை ஆண்டுதோறும் உயர்த்துகிறார்கள். 2025 ஏப்ரலில் கீழ்ப்படி 1,200இல் தொடங்கியது. மேல்படி 60,700 பவுண்டு வரை போனது. இந்தப் படிகளில் நான் பார்க்கும் நன்மை தொகையில் இல்லை. எத்தனை நாள் நடந்தது, யார் செய்தார், அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது, அதனால் இவர் வாழ்வில் என்ன மாறியது என்று கேட்கும் கடமை தீர்ப்பாயத்துக்கு வந்துவிடுகிறது. நம் குழுக்கள் இந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை. சொன்னாரா, சொல்லவில்லையா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு பாடம் உண்டு. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சக ஊழியரால் துன்புற்ற பெண்ணுக்கு 18,000 டாலர்தான் கொடுத்திருந்தார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, மனத் துன்பத்துக்கு மட்டும் 1,00,000 டாலர், வேலை மாறியதால் வந்த வருமான இழப்புக்கு 30,000 என்று உயர்த்தியது. மனிதர் நிம்மதியாக வாழ்வதற்குச் சமூகம் தரும் மதிப்பு கூடியிருக்கிறது, பழைய தொகை அதற்குப் பொருந்தாது என்பது காரணம். சமூகம் எதை மதிக்கிறது என்பதை இழப்பீட்டுத் தொகையில் படிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மானத்துக்கு விலையா?

மூன்று மறுப்புகள் எப்போதும் வரும். மானத்துக்கு விலை பேசலாமா என்பது முதலாவது. விரலைப் பற்றி முன்பே சொன்னேன்; அதே பதில்தான். கொடுக்கும் பணம் மானத்தின் விலையாகாது. தவறு நடந்தது, இன்னாரால் நடந்தது, இன்னாருக்கு நடந்தது என்ற ஒப்புதலுக்கு அந்தப் பணம் ஒரு சாட்சி. வாயால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாளே மறந்துவிடலாம். எட்டு மாதம் சம்பளத்தில் பிடித்தம் நடக்கும்போது எட்டு மாதமும் நினைவு இருக்கும்.

பொய்ப் புகார் பெருகும் என்பது இரண்டாவது. பொய் என்று தெரிந்தே கொடுத்த புகாருக்கு நடவடிக்கை எடுக்க 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 14ஆம் பிரிவு இருக்கிறது. நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்யாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சிறு தொழில் தாங்குமா என்பது மூன்றாவது. பிரஸ் ஷாப்பும் பசுமைக்குடிலும் பெருநிறுவனம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் படிகள் வேண்டும் என்கிறேன். படிகள் இல்லாத இடத்தில்தான் ஒருவருக்கு ஒன்றுமே கிடைக்காமலும், இன்னொருவருக்குத் திடீரென்று தாங்க முடியாத தொகையாகவும் போகும்.

மாநில எல்லையில் இருக்கிற நமக்கு

பாகலூரிலிருந்து கர்நாடகத்தின் சர்ஜாபுரத்துக்கு ஒரு சாலையும் மாலூருக்கு ஒரு சாலையும் போகின்றன. காலையில் இங்கே தூங்கி எழுந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் ஊர் இது. இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்திருக்கின்றன. 1991இலும் 2016இலும் காவிரிப் பிரச்சினையில் கலவரம் வெடித்தபோது, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியில் போகவே எவ்வளவு அஞ்சினோம் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உன் மொழி என்ன என்று முறைத்துக்கொண்டு ஒருவன் கேட்கும்போது வயிற்றில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

தெரிந்த நாமே, ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளையை ‘வடக்கன்’ என்கிறோம். பெயர் தெரிந்தும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டார்கெட் குறைந்தால் அவன் மொழியைச் சொல்லித் திட்டுகிறோம். நான் முன்பு சொன்ன மூன்று சட்டங்களில் ஒன்றுகூட அவனுக்குக் கைகொடுக்காது. அவன் எந்தக் குழுவின் முன்னாலும் போய் நிற்க முடியாது. காண்ட்ராக்டர் ஆள் என்பதால் கம்பெனி எச்.ஆர். அவனைக் கேட்காது, காண்ட்ராக்டருக்கு அவன் ஒரு தலைக்கணக்கு. பொதுச்சட்டம் வேண்டும் என்று நான் கேட்பது முதலில் அவனுக்காக.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளையிலிருந்தே செய்யக்கூடியவை மூன்று சொல்கிறேன். ஒன்று, உள்ளகப் புகார் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொரு விசாரணையிலும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் கட்டாயம் எடுத்துப் பேச வேண்டும். இழப்பீடு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் ஏன் என்று எழுத வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பூந்தோட்டத்துப் பெண்களும் புகாருக்கு இடமில்லை என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்ப் புகார் குழு அவர்களுக்கானது. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும்.

இரண்டு, ஆலை நிர்வாகங்கள் தங்கள் நிலையாணையிலேயே சாதி, மொழி, ஊர், ஊனம் சொல்லி இழிவுபடுத்துவதையும் தவறென்று சேர்த்து, மனவேதனைக்கு மூன்று படி இழப்பீட்டை நிறுவனத்தின் பணத்திலிருந்தே தர முன்வர வேண்டும். தொழிற்சங்கங்கள் ஊதிய உடன்படிக்கை பேசும்போது இதையும் மேசையில் வைக்க வேண்டும். போனஸ் விழுக்காட்டுக்கு விடிய விடியப் பேசுகிற நாம் இதற்கு ஒரு மணி நேரம் பேசக் கூடாதா?

மூன்று, தங்கைகளே, தம்பிகளே, எழுதி வையுங்கள். அந்தப் பெண்ணின் பள்ளி நோட்டுதான் வழக்கை நிலைநிறுத்தியது. என்ன சொன்னார் என்பதோடு, அதனால் அன்று நீங்கள் எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். வேனில் ஏறவில்லை, சாப்பிடவில்லை, பூ வைக்கவில்லை. மனவேதனைக்கு அதைவிட நல்ல அளவுகோல் எந்த நாட்டிலும் இல்லை.

கடைசியாக, நான் கடன்பட்ட அந்தக் கடிதம். அன்றைக்கு நாங்கள் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அந்தப் பெண் இன்று எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டாலும், இந்த அவையின் முன் படிக்கிறேன்.

“உங்கள் புகார் உண்மை என்று இந்தக் குழு காண்கிறது. நான்கு மாதம் உங்கள் சூப்பர்வைசர் உங்களிடம் பேசியது தவறு. அதனால் நீங்கள் வேனை விட்டு பஸ்ஸில் வந்தீர்கள், கேன்டீனுக்குப் போகவில்லை, பதினேழு நாள் வேலைக்கு வர முடியவில்லை. இவற்றில் ஒன்றுகூட உங்கள் குறையால் நேர்ந்ததில்லை. பதினேழு நாள் சம்பளமும், நீங்கள் பட்ட மனவேதனைக்காக மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையும் அவருடைய சம்பளத்தில் பிடித்து உங்களுக்குத் தர வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். நான்கு மாதம் இதைக் கவனிக்காமல் இருந்தது நிர்வாகத்தின் தவறு என்றும் இங்கே பதிவு செய்கிறோம். நீங்கள் பூ வைத்து வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.”

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதம். இதை எழுதச் சட்டம் தடையாக இல்லை, எழுதும் மனம்தான் அன்று எங்களிடம் இல்லாமல் போனது. இங்கே குழுக்களில் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால், அடுத்த புகார் வரும்போது இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று தவறு செய்தவருக்கு. இன்னொன்று, தவறாமல், மனம் நொந்தவருக்கு.